உப்பைத் துடைக்கலாம், துருவை?

மழை ஓய்ந்த மாதங்களில் போர்ட் பிளேரின் மரைன் ஹில் பகுதியில் ஒரு ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தால் கையில் இரண்டு சமாச்சாரங்கள் ஒட்டக்கூடும். ஒன்று வெள்ளை, மற்றது செம்பழுப்பு. இரண்டையும் அனுப்பிவைத்தது கடல்தான். (2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. கடற்காற்றின் குணம் மாறவில்லை.)

வெள்ளை, உப்பு. காற்றோடு வந்த கடல்நீர்த் துளியில் நீர் ஆவியாக, உப்பு தங்கிவிட்டது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுவே. கடலிலும் உப்பு, கம்பியிலும் உப்பு. பொருள் மாறாததால் இது பௌதிக மாற்றம். செம்பழுப்பின் கதை வேறு. இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து புதுப் பொருளாகிவிட்டது. துருப்பிடித்த ஆணியைத் துரு உதிராமல் எடை போட்டால் முன்பைவிடக் கூடியிருக்கும். காற்றிலும் நீரிலும் இருந்து வந்து சேர்ந்த சரக்கு அது. இது ரசாயன மாற்றம்.

'பழைய நிலைக்குத் திரும்பினால் பௌதிகம், திரும்பாவிட்டால் ரசாயனம்' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வதுண்டு. மதிப்பெண் வாங்க உதவும், நம்பத் தகுந்ததல்ல. கிழித்த காகிதம் ஒட்டாது, ஆனாலும் அது காகிதம்தான். கார் பேட்டரியை நூறு முறை சார்ஜ் செய்யலாம். உள்ளே நடப்பதோ முழுக்க ரசாயனம். நிறத்தையும் நம்ப முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு சிவந்தாலும் இரும்பே. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதுப் பொருள் உண்டானதா?

கடலோரத்தில் இது வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல. சாதுவான அந்த உப்புப் படலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இரும்பின் மேல் மின்சாரம் கடத்தும் நீர்ப்படலமாகிறது. துரு வேகமெடுப்பது அதனால்தான். உப்பாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் கழுவினால் செலவில்லை. துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பதோ நோயைப் போர்வை போட்டு மூடுகிற வேலை. கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் கான்கிரீட் போட்டால் ஆபத்து இன்னும் பெரிது. உள்ளே கம்பி துருவாகும்போது இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; கான்கிரீட் பிளந்து, பெயர்ந்து விழும்.

ராமேஸ்வரத்துக்கு ரயில் போக 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம் இந்த உப்புக் காற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் கட்டுமானத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இடம்பெற்றன. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு உலோக அரிப்பு ஒரு முக்கிய ஆய்வுத் துறை.

கப்பல்காரர்களின் தந்திரம் இன்னும் பழையது. 1824-இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரைவது நின்றதால் அதன் விஷத்துக்குப் பயந்திருந்த சிப்பி வகைகள் அடிப்பகுதியில் குடியேறி, கப்பலின் வேகத்தைக் கெடுத்தன! இன்றும் இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் உண்டு. இரும்புக்குப் பதிலாகத் தாம் அரிக்கப்பட்டுத் தேய்கின்றன. பழுதுபார்க்கக் கரையேற்றும்போது புதிதாக மாற்றுகிறார்கள்.

இதையும் 'கரைகிறது' என்றே சொல்கிறோம், டீயில் சர்க்கரை கரைவதைப் போல. டீ வற்றினால் சர்க்கரை மிஞ்சும். கடல்நீரை எவ்வளவு காய்ச்சினாலும் துத்தநாகக் கட்டி திரும்பக் கிடைக்காது. மிஞ்சுவது அதன் சேர்மங்கள்தான்.