கணனிப் பட்டியலில் நமது பெயர்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரங்கள் முன்பு கொப்பிகளிலும் கோவைகளிலும் இருந்தன. இன்று பெரும்பாலும் கணனியில் ஏறிவிட்டன. உதவிக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் அலுவலர் ஒவ்வொரு படிவமாகப் புரட்டுவதில்லை. கணனியிடம் ஒரு கேள்வி கேட்கிறார். "உங்கட பேர் வரேல்லை" என்ற பதிலோடு திரும்புவோர் அந்தக் கேள்வி எப்படி அமைகிறது என்பதை அறிந்திருத்தல் நன்று.

இக்கேள்விகளை எழுதும் மொழியை எஸ்.கியூ.எல். என்பர். அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டனர். ஒப்பிடும் குறிகள் ஆறு: = சமன், <> சமனல்ல, < சிறிது, > பெரிது, <= சிறிது அல்லது சமன், >= பெரிது அல்லது சமன். பாடசாலைக் கணக்கில் நாம் கண்டவைதாம்.

அரை ஏக்கருக்கு மேற்படாத காணி உள்ளோருக்கு ஓர் உதவி என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். அரை ஏக்கர் 8 பரப்பு. வேலணையில் சரியாக 8 பரப்பு உள்ள குடும்பத்துக்கு இது உரியது. ஆனால் <= இட வேண்டிய இடத்தில் < இட்டால் அக்குடும்பம் தவறிவிடும். கணனி எண்ணைத்தான் பார்க்கும், அளவையைப் பார்க்காது என்பதையும் மறவாதீர்கள். ஏக்கர் கேட்கும் கட்டத்தில் 8 என எழுதினால் நாம் 8 ஏக்கர் காணிக்காரர் ஆகிவிடுவோம்!

திகதியிலும் இதே கதைதான். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் காணி வழக்குக்குப் போக முடியாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிறர் பத்து ஆண்டு ஆண்டதால் உரிமை கோரும் கணக்கில், 1983 மே 1 தொடங்கி 2009 மே 18 முடியவுள்ள காலம் சேராது என்றது. (வழக்கிடத் தந்த இரண்டு ஆண்டு அவகாசம் 2018இல் முடிந்துவிட்டது.) "தொடங்கி", "முடிய" என்பவற்றைக் கணனியில் >= என்றும் <= என்றும் எழுதவேண்டும். வெறும் > , < இட்டால் முதல் நாளும் கடைசி நாளும் வெளியே நிற்கும்.

சமன் குறி மிகக் கண்டிப்பானது. ஊர்காவற்றுறை என்றும் ஊர்காவற்துறை என்றும் நாம் எழுதுகிறோம். கணனிக்கு அவை இரு வேறு ஊர்கள். நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு. நயினாதீவோ வேலணைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. ஆகவே பிரிவு = நயினாதீவு என்று தேடினால் ஒருவரும் அகப்படார்.

எல்லாவற்றிலும் பொல்லாதது வெற்றுக் கட்டம். 1990, 1991இல் தீவகத்தை விட்டுப் புறப்பட்டுப் பின்னும் பலமுறை இடம்பெயர்ந்ததில் எத்தனை பேருடைய உறுதிகள் தொலைந்தன! காணியளவு தெரியாமல் கட்டத்தை வெறுமையாக விட்டால் கணனி அதை நள் என்று கொள்ளும். நள் என்பது பூச்சியம் அன்று, "தெரியாது" என்பதாகும். தெரியாததை எதனோடு ஒப்பிட்டாலும் விடை "தெரியாது" தான். காணி <= 0.5 என்ற பட்டியலிலும் அக்குடும்பம் வராது, காணி > 0.5 என்பதிலும் வராது. காணி <> 0.5 என்று கேட்டாலும் வராது. அவர்களைக் காண இஸ் நள் என்று தனியே கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

ஆகவே காணி இல்லாதவர்கள் கட்டத்தில் கட்டாயம் 0 என்று எழுதுங்கள். அளவு தெரியாதவர்கள் கிராம அலுவலரிடம் கேட்டு நிரப்புங்கள். சங்கங்களில் பொறுப்பாய் இருப்போர் தகுதியுள்ளோர் தொகையையும் தகுதியற்றோர் தொகையையும் கூட்டி, பதிந்த மொத்தக் குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை குறைந்தால், குறையும் குடும்பங்களின் படிவங்களில் எந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள்.