எதிரொலி யாருக்குச் சொந்தம்?

கிணற்றை எட்டிப் பார்த்து, 'ஓ...' என்று கத்தியிருக்கிறீர்களா குட்டீஸ்? எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கணக்கிடலாம். இதே உத்தி, மூச்சுக் கருவியிலும் உண்டு!

சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வரும். இதற்காக ஆஸ்திரேலியாவின் சிட்னியில், 1980ல் டாக்டர் காலின் சல்லிவன் உருவாக்கியதுதான் 'சிபேப்' கருவி. குழாய் வழியே மூக்குக்குக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் காக்கும்.

பிறகு, இதில் 'மைக்' பொருத்தும் யோசனை வந்தது. கருவியின் சத்தம் குழாயில் ஓடி, முகமூடியில் பட்டுத் திரும்பும். அந்த எதிரொலியைக் கேட்டு, எந்த வகை முகமூடி என்று அறிந்து, காற்றழுத்தத்தைச் சரி செய்யலாம்.

இதற்குக் காப்புரிமை கேட்டால் உடனே கிடைக்குமா? ஊஹூம்! பரிசோதகர் மூன்று கேள்விகள் கேட்பார்.

* உலகில் எங்காவது முன்பே வெளியானதா?
* இத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா?
* உண்மையில் பயன்படுமா?

எதிரொலி இயற்கையானது, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பயன்படுத்திய விதம் புதிதாக இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை கண்டிப்பு? காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை, அனுமதியின்றி மற்றவர்கள் அதைத் தயாரிக்க முடியாது. தவறாகக் கொடுத்தால், நோயாளிக்கு விலை ஏறலாம். தவறாக மறுத்தால், உழைத்தவருக்கு நஷ்டம்.

காலம் முடிந்ததும், அந்தக் கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொது!