மெட்டைக் காக்கும் சிறு கருவிகள்

தில்லையில் பூட்டிய அறைக்குள் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் மீட்ட வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால், அதன் அடுத்த பகுதியை அவ்வளவாக நாம் பேசுவதில்லை. கரையான் அரித்தது போக எஞ்சிய ஏடுகள் கிடைத்தன, பண்கள் கிடைக்கவில்லை. ஆகவே, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரை இறையருளால் கண்டறிந்து, அவரைக் கொண்டே பதிகங்களுக்குப் பண் வகுத்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தை மீட்ட நாதமுனிகளும் அதை ஏட்டோடு நிறுத்திவிடவில்லை. தம் சகோதரியின் புதல்வர்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய இராசராச சோழர் 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்தார். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் நிவந்தம். அந்தக் கல்வெட்டில் வங்கிப் பணியில் காலம் கழித்த என்னை மிகவும் ஈர்த்தது ஒரு விதி. பாடுவோரில் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இசைக்கு வாரிசு நியமனம் செய்திருக்கிறார்கள்!

நம் வீட்டில் உள்ள செல்வம்

சென்னையின் மேற்குப் பகுதியில் வாழும் நாம் பாடல் பெற்ற தலங்களின் நடுவே குடியிருக்கிறோம். பாடி திருவலிதாயத்துக்குத் திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. திருவேற்காட்டுப் பதிகம் பழந்தக்கராகம். வடதிருமுல்லைவாயிலில் சுந்தரர் பாடியது தக்கேசி. இவற்றை ஓதுவார்கள் முறையே கம்பீர நாட்டை, சுத்த சாவேரி, காம்போதி இராகங்களில் பாடுவது வழக்கம். திருமழிசையும், திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூந்தமல்லியும், திருநின்றவூரும் நமக்கு அருகிலேயே உள்ளன.

இவை தவிர, வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொரு செல்வம் இருக்கிறது. ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, ஆடி மாதத்து அம்மன் பாட்டு, மார்கழிப் பஜனையில் ஒரு தெருவார் மட்டும் பாடும் மெட்டு. சொற்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். மெட்டு எண்பது வயதுப் பாட்டியின் குரலில் மட்டுமே இருக்கும். அந்தக் குரல் ஓய்ந்தபின் நோட்டுப் புத்தகம் இருந்தும் பயனில்லை. இதைக் காப்பதற்குப் பெரிய ஒலிப்பதிவுக் கூடம் தேவையில்லை. சில எளிய கருவிகளும் சற்றுப் பொறுமையும் போதும்.

எந்தக் கருவி வாங்கலாம்?

முதலில் கையில் உள்ள கைபேசியிலேயே தொடங்கலாம். அதில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துக. வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பதிவு செய்ய வேண்டாம். விரைவாக அனுப்புவதற்காக அது ஒலியை மிகவும் சுருக்கிவிடும். 'இரைச்சல் நீக்கம்' என்ற வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். பேச்சுக்காக அமைந்த அந்த வசதி, தம்புராவின் இடைவிடாத நாதத்தையும் இரைச்சல் என்று கருதி மங்கச் செய்யக்கூடும்.

அடுத்த படி, சட்டையிலோ புடவைத் தலைப்பிலோ செருகும் காலர் மைக். ஒருவர் தனியாக அமர்ந்து பாட இதுவே ஏற்றது. கம்பி உள்ள சாதாரண வகை ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, தாலிக்கொடியோ உருத்திராட்ச மாலையோ உரசாத இடத்தில் பொருத்த வேண்டும். வாங்கும் முன், உங்கள் கைபேசியில் வட்டமான பழைய துளை உள்ளதா, சார்ஜ் ஏற்றும் டைப்-சி துளை மட்டுமா என்று பார்த்துக்கொள்க. ரிச்சி தெருவுக்குப் போனால் கைபேசியையும் எடுத்துச் சென்று, கடையிலேயே பதிவு செய்து கேட்டுப் பார்த்து வாங்குவது நலம்.

நால்வர் ஐவராகப் பாடும் பஜனைக் குழுவுக்குக் காலர் மைக் உதவாது. இரு மைக்குகள் பொருத்திய கையடக்க ஒலிப்பதிவுக் கருவி நல்லது. விலை பல ஆயிரம் ரூபாய் ஆகும். குழுவினர் பகிர்ந்து வாங்கலாம். பாடுவோர் அரைவட்டமாக அமர, நான்கைந்து அடி தூரத்தில் வைத்தால் எல்லாக் குரலும் சமமாகப் பதியும். தாளம் தட்டுபவர் சற்றுப் பின்னால் அமரட்டும்.

கணினி உள்ள வீட்டில் யுஎஸ்பி மைக் ஒன்றை நேரே இணைக்கலாம். ஒலிப்பதிவுக் கூடங்களில் உள்ளவை போன்ற கண்டென்சர் மைக்குகளைக் கடைக்காரர் பரிந்துரைத்தால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் தனிப் பெட்டியும் வாங்க வேண்டியிருக்கும். அதனினும் முக்கியம், நுட்பமான மைக் பாட்டை மட்டுமன்றித் தெருவையும் சேர்த்தே கேட்கும்.

இடமும் நேரமும்

தெரு ஓசை நம் பகுதியில் பெரிய சோதனைதான். ஆவடி, அம்பத்தூர் வழியே இரவு பகலாக இரயில்கள் ஓடுகின்றன. தொழிற்பேட்டை ஓசை வேறு. எனவே, விடியலுக்கு முந்தைய பொழுது சிறந்தது. பூசையறையில் பாடினால்தான் மனம் நிறையும் என்பது உண்மையே. ஆயினும், வழவழப்பான தரையும் வெறும் சுவரும் ஒலியை எதிரொலிக்கும். மெத்தையும் துணி அலமாரியும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறையே பதிவுக்கு உகந்தது. சுவாமி படத்தை அங்கே வைத்துக்கொண்டு பாடலாமே!

மின்விசிறியை நிறுத்துக. குளிர்பதனப் பெட்டியை நிறுத்தினால் மீண்டும் போட மறக்க வேண்டாம். கைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி, மடித்த துண்டின் மேல் வைக்க வேண்டும். சுருதிப் பெட்டி பாடுபவருக்குக் கேட்கும் அளவில் சற்றுத் தள்ளி இருக்கட்டும். வெயில் காலத்தில் விசிறியின்றி முதியவர்களை நெடுநேரம் அமர்த்தக் கூடாது. பத்து நிமிடம் பதிவு, பிறகு காற்றும் வெந்நீரும் ஓய்வும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நமக்கு வேண்டியது மெட்டு.

முதலில் பாட்டின் உச்ச வரியை மட்டும் பாடச் சொல்லிப் பதிந்து, காதில் ஹெட்போன் வைத்துக் கேட்க வேண்டும். ஒலி கரகரத்தால் மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும். அளவுமானி இருந்தால், உச்சத்தில் கழித்தல் 12 டெசிபல் அளவில் நிற்பது பாதுகாப்பானது. மெலிதாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். அளவு மீறிச் சிதைந்ததைச் சரிசெய்வது கடினம்.

பதிந்ததைப் பாதுகாத்தல்

கோப்பு வகையில் 'வேவ்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இரட்டைத் தட ஒலியில், குறுந்தகட்டின் தரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும், 64 ஜி.பி. அட்டையில் ஏறத்தாழ 100 மணி நேரம் கொள்ளும். உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் அதை எம்பி3 ஆக மாற்றிக்கொள்க. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளையும், ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்று கிடைத்தால், கம்பி வழியே கணினிக்கு மாற்றிவிடலாம்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவர் தம் பெயர், ஊர், தேதி, பாடல், இராகம் ஆகியவற்றோடு, யாரிடம் கற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் கேட்பவருக்கு அதுவே பாட்டின் வரலாறு. பாடுபவர் ஓதுவார் என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, உரிய சம்பாவனை தருவது முறை. கோயிலுக்குள் பதிவு செய்ய நிர்வாகத்தின் ஒப்புதல் தேவை.

முக்கியமான பத்திரத்துக்கு நகல் வைப்பதுபோல், பதிவுக்கும் குறைந்தது இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். அது எங்கே உள்ளது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அதைக் கேட்டுப் பாடக் கற்றுக்கொண்டால், அவரே அந்தப் பாட்டின் வாரிசு.

இந்த வாரமே வீட்டில் மூத்தவரிடம் ஒரு பாட்டு மட்டும் கேளுங்கள். கருவி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம், கைபேசியே போதும்.