ஆலை மூடிய ஊரில் ஒரு பாட்டு

பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டவர் கதை எந்நாட்டில் நடந்தாலும் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. 1934-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஸிங் ஆஸ் வீ கோ' என்னும் இசைச் சித்திரம் அத்தகைய கதையே. 'பாடிக்கொண்டே செல்வோம்' என்பது அப்பெயரின் பொருள்.

லங்காஷயரில் ஒரு பஞ்சாலை மூடப்படுகிறது. வேலையிழந்த கிரேஸ் என்னும் பெண் சைக்கிளில் ஏறி, பிளாக்பூல் என்ற கடற்கரை நகருக்குச் செல்கிறாள். ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறையைக் கழிக்கத் திரளும் இடம் அது. பிறர் களிக்க வந்த ஊரில் இவள் வேலை தேடி அலைகிறாள். விடுதிப் பணிப்பெண், சோதிடம் சொல்பவள், மிட்டாய் விற்பவள் என்று எத்தனையோ வேலைகள், ஒன்றும் நிலைப்பதில்லை. மனத்தில் வைத்திருந்தவனும் தோழியை விரும்புகிறான். அவளோ துயரத்தை விழுங்கிவிட்டுப் பாடுகிறாள்.

இதில் கிரேஸாக நடித்தவர் கிரேஸி பீல்ட்ஸ். 1898-இல் லங்காஷயரின் ராச்டேல் நகரில் பிறந்து, சிறு வயதிலேயே பஞ்சாலையில் வேலை செய்தவர். ஆகவே ஆலைப் பெண்ணின் பேச்சும் நடையும் அவருக்கு வேஷமாக இருக்கவில்லை. கதையை எழுதிய ஜே. பி. பிரீஸ்ட்லி, 1933-இல் இங்கிலாந்து முழுவதும் சுற்றி, வடபகுதியின் வேலையின்மையை நேரில் கண்டவர். டைரக்டர் பாஸில் டீன் பிளாக்பூலுக்கே சென்று, மெய்யான ஜனக்கூட்டத்தின் நடுவே படம் பிடித்தார்.

ஆயினும், ஆலைகள் ஏன் மூடப்பட்டன என்பதைப் படம் ஆராயவில்லை. அதற்கு விடை தேடினால் நம் நாட்டுக்கே வந்து சேருகிறோம். 1913-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த சுமார் 700 கோடி கஜம் பருத்தித் துணியில் ஏறக்குறைய 300 கோடி கஜம் இந்தியாவுக்கு வந்தது. பின்னர் நம் ஆலைகள் பெருகின. ஜப்பான் போட்டிக்கு வந்தது. அந்நியத் துணி பகிஷ்காரமும் சேர்ந்துகொண்டது. லங்காஷயரின் தறிகள் ஓய்ந்தன. 1931 செப்டம்பரில் காந்தியடிகள் அங்குள்ள டார்வெனுக்குச் சென்று தொழிலாளரைச் சந்தித்தார். அவர்களுடைய துன்பத்துக்கு இரங்கினார். இந்தியாவின் வறுமை அதைவிடக் கொடியது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து மலர்ந்த முகத்துடன் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. நம் கதர் அவர்களுடைய அடுப்பையும் தொட்டது என்பதை நாம் மறக்கலாகாது. நம் நெசவாளரின் அடுப்பு அதற்கு நெடுங்காலம் முன்பே அணைந்தது என்பதையும் மறக்கலாகாது.

படத்தின் முடிவில், செயற்கைப் பட்டு நெய்யும் புதிய முறையால் ஆலை மீண்டும் திறக்கிறது. கிரேஸ் முன்னே செல்ல, தொழிலாளர்கள் பாடிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். உண்மையில் மூடிய ஆலைகள் பல திறக்கவே இல்லை. அவ்வளவில் இது பொய்யான முடிவுதான்.

ஆனால் அந்தப் பொய்யை நாமும் அறிவோம். 'ஊரிலேயே ஒரு வேலை கிடைத்துவிட்டால் மறுநாளே வண்டியேறிவிடலாம்' என்று எண்ணாத குடும்பம் நம் சங்கத்தில் ஏது? அந்த வேலை கிடைப்பதில்லை, எண்ணமும் போவதில்லை. அதுவரை பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிறோம், மாலையில் கூடி நம் பாட்டைப் பாடுகிறோம். கிரேஸ் செய்ததும் அதுவே.