படகு இல்லையா? பரவாயில்லை! 7 நாள் மீன் பிடிக்கப் போகலாம்

கோடை வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிள்ளைகள் அப்பாவைப் பிடுங்கி எடுக்கும் காலம் இது.

ஒரு வாரம் மீன் பிடிக்கப் போனால் என்ன?

"நம்மிடம் படகு ஏது?" என்று கேட்பீர்கள். படகு தேவை இல்லை. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில் இருந்து புறப்பட்டு, காவிரிக் கரையிலேயே 7 நாட்களைக் கழித்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் சில முன்னேற்பாடுகள் வேண்டும். அவற்றைச் செய்யாமல் போனால் பணம் மட்டும் அல்ல, உயிரும் போகும்.

கடல் வேண்டாம், ஆறு போதும்

மீன் என்றதும் பலருக்குக் கடல் ஞாபகம்தான் வரும். ஆனால் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக அரசாங்கம் போட்டுள்ள தடை அது. முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017-ல் 61 நாளாக நீட்டப்பட்டது. பிள்ளைகளின் கோடை விடுமுறை அந்த 61 நாளுக்குள் வந்துவிடுகிறது.

ஆகவே நமக்கு ஆறுதான் சரி. அதியமான்கோட்டையில் இருந்து தருமபுரி சுமார் 7 கிலோமீட்டர். தருமபுரியில் இருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பஸ்சிலேயே போய்விடலாம்.

எப்போது போவது?

ஏப்ரல், மே மாதங்களே நல்ல காலம். அப்போது ஆற்றில் தண்ணீர் குறைவு. மீன்கள் ஆழமான மடுக்களில் கூடி நிற்கும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். கர்நாடகத்தில் மழை கொட்டினால் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் இருந்து தண்ணீர் பாய்ந்து வரும்.

தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் தண்ணீர் அளக்கப்படுகிறது. அந்தக் கணக்கு பத்திரிகைகளில் வரும். "வினாடிக்கு 10 ஆயிரம் கன அடி" என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்? ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு வினாடியும் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம்! இந்தச் செய்தியைப் படித்துப் பார்க்காமல் வீட்டைப் பூட்டாதீர்கள். தண்ணீர் கூடினால் ஒகேனக்கலில் குளிக்கவும் பரிசலில் போகவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும்.

முதலில் அனுமதி

ஆறு எல்லோருக்கும் பொதுதானே என்று எண்ண வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காவிரிக் காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அமைக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் தூண்டில் போட முடியாது. எந்த இடத்தில் போடலாம், எந்த இடத்தில் கூடாது என்று வனத்துறையினரிடமும் மீன்வளத் துறையினரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்க்கரை கர்நாடகம். அங்கே போய் உட்காராதீர்கள்.

வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். யாராவது அப்படிப் பிடித்த மீனைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கட்ட வேண்டிய மூட்டை

மூட்டை பெரிதாக இருக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு மூங்கில் கழி, நைலான் நரம்பு, சிறிதும் பெரிதுமாகச் சில தூண்டில் முள், தக்கை, ஈயக் குண்டு, மீன் போட ஒரு கூடை. மண்புழுவை வீட்டுத் தோட்டத்திலேயே தோண்டி, ஈர மண்ணோடு டப்பாவில் எடுத்துக்கொள்ளலாம். கெளுத்திக்குப் புழு பிடிக்கும். கெண்டைக்கு மாவு உருண்டை போதும்.

தொப்பி, டார்ச் விளக்கு, காயத்துக்கு மருந்து, குடிதண்ணீர் ஆகியவற்றை மறக்கக் கூடாது. முள் குத்தினால் பிடுங்க ஒரு சிறு குறடு இருக்கட்டும்.

7 நாள் திட்டம்

முதல் நாள்: காலையில் அதியமான்கோட்டை காலபைரவரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஒகேனக்கலில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது. தனியார் விடுதிகளும் உண்டு. கோடையில் கூட்டம் அதிகம். அறையை முன்பே பதிவு செய்யுங்கள். அன்று தூண்டிலைத் தொட வேண்டாம். கரையில் நடந்து, தண்ணீர் எங்கே வேகம், எங்கே தேக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2-ம் நாள்: பரிசல் சவாரி. கட்டணச் சீட்டு வாங்கி, லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. வட்டமான கூடை அது. மூங்கிலைப் பிளந்து பின்னி, அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுத் தார் பூசியிருப்பார்கள். அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். ஒரே துடுப்பால் அதைச் சுழலவிடாமல் ஓட்டுவது சாமானிய வித்தை அல்ல.

3-ம் நாள்: அனுமதித்த இடத்தில் கரையில் இருந்து தூண்டில். விடியற்காலையும் மாலையும்தான் நேரம். உச்சி வெயிலில் மீன் கடிக்காது. நாமும் வாடிவிடுவோம்.

4-ம் நாள்: ஓய்வு. பிள்ளைகளை முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போங்கள். காவிரியில் முதலை உண்டு என்று நூறு தடவை சொல்வதைவிட, ஒரு தடவை காட்டுவது மேல்! மீன் கிடைக்கவில்லையா? கடையில் வாங்குங்கள். அங்கே உள்ள பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு, உங்கள் எதிரிலேயே மசாலா அரைத்துக் குழம்பு வைத்து, வறுத்தும் தருவார்கள்.

5-ம் நாள்: பென்னாகரம் திரும்பி அங்கே தங்குங்கள். அங்கிருந்து ஏரியூர் வழியாக நாகமரைக்குப் பஸ்சில் போய்வரலாம். அது மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. உரிமம் பெற்ற மீனவர்கள் மாலையில் வலை விரித்து, விடியற்காலையில் எடுக்கிறார்கள். சில பரிசல்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே தொழில் செய்கிறார்கள். கங்கை மீன்களான கட்லா, ரோகு, மிர்கால் இங்கே விடப்பட்டு வளர்கின்றன. ஜிலேபி மீனின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அது இந்தியாவுக்கு வந்தது 1952-ல்.

6-ம் நாள்: நாகமரைத் துறையில் தண்ணீரைக் கடந்தால் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. துறையில் போக்குவரத்து நடக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். அணையில் தண்ணீர் மிகவும் வற்றினால், மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் பண்ணவாடியில் வெளியே தெரியும். அணைக்காக ஊரை விட்டுப் போன மக்களின் அடையாளம் அது. இரவு மேட்டூரில் தங்கலாம்.

7-ம் நாள்: மேட்டூர் அணையைப் பாருங்கள். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த வேலை. 120 அடி வரை தண்ணீர் நிற்கும். வறுத்த மீனை ஒரு கை பார்த்துவிட்டு, மேச்சேரி, தொப்பூர் வழியாக அதியமான்கோட்டைக்குத் திரும்பிவிடலாம்.

பரிசல்காரர் சொல்வதே சட்டம்

படகு இல்லாதவருக்கு ஒரு துணை அவசியம். அவர்தான் பரிசல்காரர். பாறை எங்கே மறைந்திருக்கிறது, சுழல் எங்கே இழுக்கும், மடு எங்கே ஆழம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

காலையில் கரைக்குப் போனதும், "அண்ணே, இன்றைக்குத் தண்ணீர் எப்படி?" என்று கேளுங்கள். "வேண்டாங்க, தண்ணி சரியில்லை" என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள். "இரண்டு மடங்கு பணம் தருகிறேன்" என்று ஆசை காட்டாதீர்கள். அவருடைய வறுமையை நீங்கள் விலை பேசினால், அவர் வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் ஒரே பரிசலில் ஆபத்துக்குப் போகிறார்கள் என்று பொருள்.

தெளிந்த தண்ணீர் கலங்கிச் சிவந்தாலும், நுரையும் சருகும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மேலே வானம் வெளுத்திருக்கும். ஆனால் வெள்ளம் எங்கோ பெய்த மழையால் வரும். பாசி படிந்த பாறையில் நிற்காதீர்கள். குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள். சிறு பிள்ளைகள் தூண்டில் பிடிக்கும்போது, பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மது குடித்தவரை ஆற்றங்கரைக்கே அழைத்துப் போகாதீர்கள்.

வேண்டிய மட்டும் போதும்

நமக்கு மீன் பிடிப்பது ஒரு வார விளையாட்டு. மீனவருக்கு அதுதான் வருஷம் முழுவதும் சோறு. அவர் விரித்த வலைக்குப் பக்கத்தில் தூண்டில் போடக் கூடாது. விரல் அளவு குஞ்சுகள் மாட்டினால், முள்ளை மெதுவாக எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

காவிரிக்கே உரிய பெரிய மீன் ஒன்று உண்டு. முதுகில் திமில் போல உயர்ந்திருக்கும். மாசீர் என்பார்கள். அந்த இனம் அடியோடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. அது தப்பித்தவறி மாட்டினால் குழம்புச் சட்டிக்குப் போகக் கூடாது. ஆற்றுக்கே போக வேண்டும்.

சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் வலையுமாக ஊரே கண்மாயில் இறங்கும். அங்கே யாருக்கும் படகு இல்லை. உத்தரவு வரும் வரை யாரும் இறங்குவதும் இல்லை.

அந்தக் கட்டுப்பாடு காவிரிக் கரைக்கும் தேவை. அதோடு போனால் கூடையில் 4 மீன் குறைந்தாலும் கவலை இல்லை. போன அத்தனை பேரும் சுகமாக வீடு திரும்புவார்கள். அடுத்த கோடைக்கும் ஆற்றில் மீன் இருக்கும்.