ஒயர் போச்சு... பாட்டு வந்துச்சு!

என் அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. செல்போனில் பாட்டுக் கேட்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "நடுவுல ஒருத்தி வந்து பர்சனல் லோன் வேணுமான்னு கேக்கறாடா. பாட்டு கேக்கறவனுக்கு எதுக்கு லோன்?" என்பார். நியாயமான கேள்விதான். முப்பத்தைந்து வருஷம் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்து, அடுத்தவர் பில்லில் சிவப்பு மையால் சுழித்தவர். தேவையில்லாத ஐட்டம் எங்கே தென்பட்டாலும் அடித்துவிடுவார்.

அவருடைய ஒரே ஆஸ்தி, ஒரு ஐபாட் க்ளாசிக். 2010-ல் அமெரிக்காவிலிருந்து அத்தை பையன் எனக்காகக் கொண்டுவந்து, அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, 'வேலை தேடுகிறேன்' என்ற பெயரில் வீட்டில் இருந்தேன். அப்பாவின் அறுபது சொச்சம் கேசட்டுகளை டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் போட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றும் உத்தியோகம் எனக்குத் தரப்பட்டது. எல்லாம் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டுகள். ஒரு மணி நேர கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். யார் உட்கார்ந்து கேட்பது? பட்டனை அமுக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். இந்த டீக்கடை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் ஐபாடை அறிவித்தது 2001 அக்டோபரில். பாக்கெட்டில் ஆயிரம் பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். க்ளாசிக் மாடலை 2014-ல் நிறுத்திவிட்டார்கள். 2022 மே மாதம் ஐபாட் வம்சமே முடிந்தது. அப்பாவுக்கு இந்தத் தகவலை நான் சொல்லவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் அவர் ஈஸி சேரிலிருந்து எழுந்தபோது ஹெட்போன் ஒயர் கைப்பிடியில் மாட்டி, ஐபாட் 'டங்'கென்று தரையில் விழுந்தது. பிழைத்துக்கொண்டது. ஆடியில் இரண்டாவது தடவை. இந்த முறை ஒயர் காலில் சுற்றி, அப்பாவே விழப் பார்த்தார். ஐபாட் க்ளாசிக் உள்ளே இருப்பது, குட்டி கிராமபோன் தட்டு மாதிரி சுழலும் ஹார்ட் டிஸ்க். விழுந்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். எழுபத்தாறு வயசுக்காரருக்கும் அதே கதைதான். அடுத்த வாரமே ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஐபாட் க்ளாசிக்கில் ப்ளூடூத் கிடையாது என்று. பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

இதற்கு அடாப்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. தீப்பெட்டி சைஸ். ஐபாடின் ஹெட்போன் ஓட்டையில் செருகினால், பாட்டை ரேடியோ அலையாக்கி ஹெட்போனுக்கு அனுப்பும். கடைக்குப் போய் "ப்ளூடூத் அடாப்டர்" என்றேன். கொடுத்தார்கள். இரண்டு நாள் போராடினேன். அடாப்டர் நீலமாக மினுக்கியது, ஹெட்போனும் நீலமாக மினுக்கியது. இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை. மூன்றாம் நாள் ஆபீஸில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் பையனிடம் காட்டினேன்.

"சார், இது ரிசீவர். கார்ல பழைய ஸ்டீரியோவுக்குப் போடறது. உங்களுக்கு வேண்டியது ட்ரான்ஸ்மிட்டர்!"

அதாவது நான் செய்த காரியம், பெண் பார்க்கும் படலத்துக்கு இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து எதிரெதிரே உட்கார வைத்தது. இரண்டு தரப்பும் பஜ்ஜிக்காகக் காத்திருக்கிறது. கொண்டு வரத்தான் ஆள் இல்லை.

எனவே, வாங்கப் போகும் அன்பர்களே, டப்பாவில் 'டி.எக்ஸ்.' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டி.எக்ஸ். அனுப்புவது, ஆர்.எக்ஸ். வாங்குவது. ஆபீஸ் இன்வர்ட், அவுட்வர்ட் ரிஜிஸ்டர் மாதிரி. சிலவற்றில் இரண்டும் உண்டு. பக்கவாட்டில் குட்டி ஸ்விட்ச் இருக்கும்.

உள்ளே நடப்பது ஒரு கூத்து. ஐபாடில் பாட்டு எண்களாக இருக்கிறது. ஹெட்போன் ஓட்டை வழியாக மின் அலையாக வெளியே வருகிறது. அடாப்டர் அதை மறுபடி எண்களாக்கி, சுருக்கி, அனுப்புகிறது. ஹெட்போன் அதை விரித்து, திரும்ப மின் அலையாக்கிக் காதில் விடுகிறது. தமிழ் லெட்டரை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, சுருக்கெழுத்தில் எடுத்து, மறுபடி தமிழில் டைப் அடித்த மாதிரி. கொஞ்சம் தேயத்தான் செய்யும். கேசட்டிலிருந்து வந்த பாட்டில் ஏற்கெனவே 'ஸ்ஸ்' என்று மழை பெய்துகொண்டிருப்பதால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இத்தனை மொழிபெயர்ப்புக்கும் விநாடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ ஆகிறது. பாட்டுக்கு அதனால் பாதகமில்லை. டி.வி.யில் செருகினால் வில்லன் அறை வாங்கிய பிறகு சத்தம் வரும்.

அலை போகிற பாதை 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் குடித்தனம். நெரிசலில் மாட்டாமலிருக்க, ப்ளூடூத் விநாடிக்கு 1600 தடவை சேனல் விட்டுச் சேனல் தாவுகிறது. (தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு இந்த டெக்னிக் தெரியும்.) இப்படித் தாவும் யோசனைக்கு 1942-லேயே அமெரிக்காவில் ஒரு பேடன்ட் இருக்கிறது. வாங்கியது யார் தெரியுமா? ஹாலிவுட் கதாநாயகி ஹெடி லமாரும், ஜார்ஜ் ஆந்தீல் என்ற இசையமைப்பாளரும்! எதிரி குறுக்கிட முடியாதபடி ரேடியோவால் டார்பிடோ ஓட்டத் திட்டம். தானாக வாசிக்கும் பியானோவின் காகிதச் சுருளைப் போல ஒன்றை வைத்து, 88 அலைவரிசைகளில் தாவுவதாக ஏற்பாடு. பியானோவுக்கும் 88 கட்டைகள்தானே! கடற்படை அந்த யுத்தத்தில் அதைச் சீந்தவில்லை. நல்ல நோட் போட்டு மேலே அனுப்பினால் ஃபைலிலேயே தூங்குவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். சரியான அடாப்டர் வந்தது. ஐபாடில் வால்யூமை முக்கால் அளவுக்கு வைத்து, மிச்சத்தை ஹெட்போனில் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். ஐபாடில் ரொம்பக் குறைத்தால் இரைச்சல், ரொம்பக் கூட்டினால் கரகர. அப்பா இரண்டே நாளில் பழகிவிட்டார். ஒயரில்லாமல் பால்கனி வரை நடந்தார்.

ஆனால் அடாப்டருக்கு முகம் கிடையாது. செல்போன் என்றால் யாரோடு சேருகிறோம் என்று பெயர் காட்டும். இதில் ஒரு பட்டன், ஒரு விளக்கு, அவ்வளவுதான். பட்டனை அழுத்திப் பிடித்தால், பக்கத்தில் யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்களோ அவர்களோடு ஒட்டிக்கொள்ளும்.

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணி. நான் உள்ளே ஆபீஸ் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்துபோனது அப்பாவுக்குத் தெரியவில்லை. அடாப்டர் பட்டனை அமுக்கியிருக்கிறார். விளக்கு நிலையாக எரிந்திருக்கிறது. பாட்டு மட்டும் கேட்கவில்லை. ஐபாடில் வால்யூமைக் கூட்டினார். கேட்கவில்லை. இன்னும் கூட்டினார்.

காலிங் பெல். பக்கத்து ஃப்ளாட் மாமி. முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா... எங்க வீட்ல உங்கம்மா பாடறா."

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது.

ஓடினேன். மாமியின் பேரன் போன லீவில் மாட்டிவிட்டுப் போன சவுண்ட்பார், எங்கள் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் முழு வால்யூமில் அலறிக்கொண்டிருந்தது. ப்ளூடூத்தை யாரும் அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்தான். குரல் அம்மாவுடையதேதான். ஒரு பக்திப் பாட்டு. பின்னால் குக்கர் விசில். நடுவில் ஒரு பொடியன், "சுண்டல் எப்போ?" என்கிறான். அது நான்.

"தொண்ணூத்தாறு நவராத்திரிப்பா. அன்னிக்கு நானும் இருந்தேன்" என்றார் மாமி.

ஏதோ ஒரு கேசட்டின் பி சைடு கடைசியில் பதிந்திருக்கிறது. நான் மாற்றியதுதான். டீக்கடையில் இருந்ததால் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வருஷமாக, பக்கத்து அறையில் நான் இருக்க, அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். பழைய சினிமாப் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

அப்பா எங்கள் வீட்டு வாசலில் ஐபாடைப் பிடித்தபடி நின்றார். ஆடிட்டில் மாட்டிய மாதிரி முகம். "தினம் ரெண்டு தடவைதான் கேப்பேன்" என்றார், யாரும் கேட்காமலேயே.

அன்று ராத்திரியே ஐபாடை லேப்டாப்பில் மாட்டினேன். பாட்டெல்லாம் ஒரு மறைவான ஃபோல்டரில் நாலெழுத்துப் பெயர்களில் ஒளிந்திருந்தது. மொத்தத்தையும் இரண்டு காப்பி எடுத்து முடிக்க மணி ஒன்று. டபுள் என்ட்ரி படித்தவன் பதினைந்து வருஷம் சிங்கிள் என்ட்ரியில் விட்டிருக்கிறேன்!

மறுநாள் மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பாகிட்ட சொல்லி, இனிமே ஹெட்போனை ஆன் பண்ணிட்டுத்தான் பட்டனை அமுக்கச் சொல்லிட்டேன் மாமி. உங்க ஸ்பீக்கர்லயும் ப்ளூடூத்தை அணைச்சு வச்சுட்டீங்கன்னா தொந்தரவு இருக்காது."

மாமி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் அணைக்காம வைக்கறேன்ப்பா" என்றார்.