காலையில் கொளுத்தும் வெயில், மாலையில் கொட்டும் மழை: பங்குனி, சித்திரை வானிலை அறிவிப்பை எப்படிப் படிப்பது?

மார்ச் மாதப் பிற்பகுதி வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஒரே நாளில் இரண்டு எச்சரிக்கைகள் வருவதுண்டு. ஒன்று கடும் வெப்பம் பற்றியது. மற்றொன்று இடியுடன் கூடிய கனமழை பற்றியது. "வெயிலும் அடிக்குமாம், மழையும் பெய்யுமாம், எதைத்தான் நம்புவது?" என்று பலர் இரண்டையுமே பொருட்படுத்துவதில்லை.

உண்மையில் இவை ஒன்றுக்கொன்று முரணான அறிவிப்புகள் அல்ல. காலையில் நம்மை வாட்டும் வெயில்தான் மாலையில் இடிமழையாகத் திரும்பி வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் வேலை, பள்ளி விளையாட்டு, கோவில் விழா ஆகியவற்றைப் பாதுகாப்பாகத் திட்டமிடலாம்.

இளவேனில் இல்லாத நாடு

தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். மலேசியாவில் அப்படி ஒரு பருவம் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. மே பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இடைப்பட்ட மார்ச் இறுதி முதல் மே நடுப்பகுதி வரை காற்று வலுவிழந்து, திசை மாறி மாறி வீசும். இதுவே பருவ மாற்றக் காலம்.

இதே நேரத்தில் சூரியனும் நம் தலைக்கு மேல் வருகிறது. மார்ச் 20 வாக்கில் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் சூரியன், அதற்கு வடக்கே 3 பாகையில் உள்ள கோலாலம்பூருக்கு மார்ச் 28 வாக்கில் உச்சிக்கு வருகிறது. நம் கடிகாரப்படி உச்சிப்பொழுது 12 மணி அல்ல. ஏறக்குறைய பிற்பகல் 1.20. அதனால்தான் பிற்பகல் 3 மணிக்கும் வெயில் தணிவதில்லை.

வெயில் மழையாவது எப்படி?

வெயிலில் தரை சூடாகும்போது ஈரக்காற்று மேலே எழுகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்று கிள்ளான், ஷா ஆலம் வழியாக உள்ளே நுழைகிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் சுவர்போல் நிற்பதால் அந்தக் காற்றும் மேலே ஏற வேண்டியதாகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, பெரிய இடிமேகமாகத் திரள்கிறது. பிற்பகல் 2 மணிக்கு மேல் மழை கொட்டுகிறது. நகரத்தின் சிமெண்டும் தார்ச்சாலையும் வெப்பத்தை மேலும் கூட்டுகின்றன.

மலையில் பெய்யும் மழை மலையோடு நின்றுவிடுவதில்லை. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் இந்த மலைப்பகுதியில்தான் பிறக்கின்றன. இரண்டும் மஸ்ஜிட் ஜாமெக் அருகே கூடி, பிரிக்பீல்ட்ஸ் பக்கமாகச் சென்று, கிள்ளான் வழியே கடலை அடைகின்றன. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் தூறல்கூட விழாத நேரத்திலும் ஆற்றில் நீர் ஏறலாம். நகர மையத்தை வெள்ளத்திலிருந்து காக்க 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம் 2007-இல் திறக்கப்பட்டது. இருந்தாலும் குறுகிய நேரத்தில் கொட்டும் மழையைச் சாக்கடைகள் தாங்காதபோது தாழ்வான சாலைகளில் திடீர் வெள்ளம் வந்துவிடுகிறது.

கிள்ளான், காப்பார், கேரித் தீவு வட்டாரங்களுக்கு இன்னொரு மழையும் உண்டு. சுமத்ரா பக்கம் இரவில் உருவாகும் இடிமேக வரிசை நீரிணையைக் கடந்து விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது வரலாம். பலத்த காற்றோடு வரும் இந்த மழை, அதிகாலையில் பால்மரம் வெட்டப் போகும் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய வேலையையே இல்லாமல் செய்துவிடும்.

அறிவிப்பில் உள்ள சொற்கள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பு காலை, பிற்பகல், இரவு எனப் பிரித்துத் தரப்படுகிறது. மைசுவாச்சா செயலியிலும் இதைப் பார்க்கலாம். அதில் வரும் மலாய்ச் சொற்களைக் கவனிக்க வேண்டும். "சத்து டுவா தெம்பாட்" என்றால் ஓரிரு இடங்களில். "பெபெராப்பா தெம்பாட்" என்றால் சில இடங்களில். "கெபஞாக்கான் தெம்பாட்" என்றால் பெரும்பாலான இடங்களில்.

ஓரிரு இடங்களில் மழை என்று சொல்லி, உங்கள் தாமானில் பெய்யாவிட்டால் அறிவிப்பு பொய் என்று பொருளல்ல. பக்கத்து ஊரில் பெய்திருக்கும். முன்னறிவிப்பு வேறு, இடிமழை எச்சரிக்கை வேறு. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அறிகுறி இருந்தால்தான் எச்சரிக்கை வரும். அது அதிகபட்சம் 6 மணி நேரத்துக்கே செல்லும். எனவே காலையில் முன்னறிவிப்பைப் பார்த்தாலும், பிற்பகலில் மறுபடியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

34 டிகிரி என்பது நிழலின் வெப்பம்

அறிவிக்கப்படும் வெப்பநிலை, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படுவது. திறந்த வெயிலிலும், தார்ச்சாலையிலும், தகரக் கூரைக்கு அடியிலும் வெப்பம் அதைவிட அதிகம். பங்குனி உத்திரத்தில் வெறுங்காலுடன் காவடி எடுப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

காற்றின் ஈரப்பதம் இன்னொரு காரணம். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் அடிக்கும் வறண்ட வெயிலில் வியர்வை விரைவில் உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். இங்கே வியர்வை உலராமல் வழிகிறது. ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால், 34 டிகிரி வெயிலே உடலுக்கு 40-ஐத் தாண்டியதுபோல் இருக்கும்.

வானிலைத் துறையின் வெப்ப எச்சரிக்கைக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒரு வட்டாரத்தில் அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்கள் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை. அதுவே வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி. எல் நினோ ஆண்டான 1998-இல், ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் அது பதிவானது. 2016-இலும் எல் நினோவின் தாக்கத்தால் ஏப்ரல் மாதத்தில் பெர்லிஸ், கெடா பள்ளிகள் மூடப்பட்டன.

என்ன செய்யலாம்?

செம்பனைத் தோட்டம், கட்டுமானம், சாலை வேலை ஆகியவற்றில் இருப்பவர்கள் கடினமான வேலையை முற்பகலுக்குள் முடிப்பது நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். தனியாக வேலை செய்வதைத் தவிர்க்கலாம்.

வெயிலில் இருந்தவர் உளறினாலோ, தடுமாறினாலோ, உடல் கொதித்து மயங்கினாலோ அது வெறும் களைப்பு அல்ல. உயிரைப் பறிக்கக்கூடிய வெப்பத் தாக்கம். உடனே 999-ஐ அழைக்க வேண்டும். அவரை நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மாலை இடிக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குள் இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திடலில் இருக்கும் பிள்ளைகளை உடனே கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம்.

சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சியோ பள்ளி விளையாட்டுப் போட்டியோ, அழைப்பிதழில் நேரம் போடுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம். நண்பகல் 12 முதல் 4 மணி வரை வெயிலின் நேரம். 2 மணிக்கு மேல் இடிமழையின் நேரம். இந்த மாதங்களில் திறந்த வெளி நிகழ்ச்சிகளுக்குக் காலை 11 மணிக்கு முந்திய பொழுதே ஏற்றது.